வாசலில் ஐம்பத்து மூன்று ஜோடிச் சிலிப்பர்

ஒரு வருஷம் முழுக்க என் வாயைக் கட்டிப் போட்டிருந்தார்கள். சினிமாவைப் பற்றி மட்டும்தான். மற்றபடி வீட்டிலும் ஃபேக்டரியிலும் என் வாய்க்கு எந்தக் குறையும் இல்லை. ஆனால் ஞாயிற்றுக்கிழமை காலையில், கெடா மாநிலத்துப் பீடோங் டவுன் தேத்தண்ணிக் கடையில், ஆறு ஆண்கள் படங்களைப் போட்டுக் கிழிகிழி என்று கிழித்துக்கொண்டிருக்க, நான் தே தாரிக்கை உறிஞ்சிக்கொண்டு சும்மா உட்கார்ந்திருக்க வேண்டும். அது எங்கள் கூட்டத்துச் சட்டம். அந்தச் சட்டத்தைப் போட்ட அன்று முதல் ஆளாகக் கை தூக்கியவள் நான்தான் என்பது இன்னொரு வயிற்றெரிச்சல்.

கூட்டம் என்றால் பெரிதாக ஒன்றுமில்லை. பூசை முடிந்து சர்ச்சிலிருந்து வருகிறவர்கள் மூன்று பேர், கோயிலிலிருந்து நெற்றியில் விபூதியோடு வருகிறவர்கள் நான்கு பேர். ஏழு பேருக்கும் பொதுவானது சினிமாப் பைத்தியம் ஒன்றுதான். எங்களுக்குத் தலைவர் கிடையாது. தலைவர் மாதிரிப் பேசுகிறவர் மட்டும் ஒருவர் இருந்தார். முப்பது வருஷத்துக்கு மேல் லோக்கல் பஸ் ஓட்டி ஓய்வு பெற்ற அண்ணன் அவர். வளைவில் ஹாரன் அடிப்பதுபோலத்தான் கருத்துச் சொல்வார். சொல்லிவிட்டு யார் என்ன நினைக்கிறார்கள் என்று திரும்பிக்கூடப் பார்க்கமாட்டார்.

"தங்கச்சி, படம்னா தியேட்டர் ஆடணும்லா. மொத நாளு நிக்க எடமில்லாம இருந்துச்சா, அது படம். மூணு நாள்ல தூக்கிட்டானா, அது படமே இல்ல. ஹபிஸ்!"

ஹபிஸ் என்றால் முடிந்தது. அவர் வாயிலிருந்து அந்தச் சொல் வந்துவிட்டால் அந்தப் படத்துக்குக் கருமாதி முடிந்த மாதிரி. மற்ற ஐந்து பேரும் தலையை ஆட்டிவிடுவார்கள். எனக்கு மட்டும் பற்றிக்கொண்டு வரும். நான் ஒன்றும் பெரிய படங்களை வெறுக்கிறவள் இல்லை. அவர் கொண்டாடுகிற நாயகனுக்கு நானும் விசிலடித்திருக்கிறேன், அதுவும் இரண்டு விரலை வாயில் வைத்து. அதற்காக, கூட்டம் வராத படத்தில் ஒன்றுமே இல்லை என்று யாராவது சொன்னால் எனக்குப் பொறுக்காது.

இந்தச் சண்டையை ஒரு வழிக்குக் கொண்டுவரத்தான் சிலிப்பர் முறை வந்தது. பீடோங்கைத் தாண்டி, செம்பனைத் தோட்டத்துக்குள் எங்கள் சிற்றாலயத்தை ஒட்டி ஒரு மண்டபம் இருக்கிறது. இரண்டு மாதத்துக்கு ஒரு முறை, ஞாயிற்றுக்கிழமை மதியம், அங்கே ஒரு படம் போடுவோம். தோட்டத்துச் சனங்களும் டவுன் சனங்களும் குடும்பத்தோடு வருவார்கள். படத்தை எங்களில் ஒருவர் முறை வைத்துத் தேர்ந்தெடுப்போம். மெர்கோங்கில் கல்யாண வீடியோ எடுக்கிற தம்பி புரொஜக்டரும் திரையும் கொண்டுவருவார். படம் முடிந்து எப்படி என்று கேட்டால் நம் சனங்கள் நல்லா இருந்திச்சி என்றுதான் சொல்வார்கள். மூஞ்சிக்கு நேரே குறை சொல்லிப் பழக்கமில்லை. அதனால் நாங்கள் வாயைக் கேட்பதை விட்டுவிட்டோம். மண்டபத் தரை பளிங்காக இருக்கும், எல்லோரும் சிலிப்பரை வாசற்படியில் கழற்றிவிட்டுத்தான் உள்ளே வரவேண்டும். பிடிக்காதவர்கள் பாதியிலேயே மாட்டிக்கொண்டு கிளம்பிவிடுவார்கள். படம் முடிகிறபோது வாசலில் எத்தனை ஜோடி மிச்சமிருக்கிறது என்று எண்ணினால் தீர்ப்பு தெரிந்துவிடும்.

எண்ணுகிறவர் பெண்டாங்கிலிருந்து வருகிற ஓய்வு பெற்ற வாத்தியார். பரீட்சைத் தாள் எண்ணுகிற கண்டிப்போடு எண்ணுவார். பாதிக்கு மேல் நின்றால் படம் பாஸ். நிற்காவிட்டால் தேர்ந்தெடுத்தவர் ஒரு வருஷம் மேசையில் வாய் திறக்கக் கூடாது. இரண்டாம் தடவையும் தோற்றால் அவருக்குப் படம் தேர்ந்தெடுக்கும் முறையே போய்விடும், என்றைக்குமாக.

என் முதல் தடவை பெரிய மானக்கேடு. கிணறு வெட்டுகிற இரண்டு பேரைப் பற்றிய படத்தைப் போட்டேன். கடைசியில் வாசலில் இருந்தது ஒன்பது ஜோடி. அதில் மூன்று என்னுடையதும் என் வீட்டுக்காரருடையதும் என் மகளுடையதும். மகளுடையதுகூட அவள் தூங்கிவிட்டதால்தான் இருந்தது. அண்ணன் அன்றைக்குச் சிரித்த சிரிப்பு என் காதில் ஒரு வருஷம் இருந்தது.

அந்த ஒரு வருஷமும் நான் வாயைத் திறக்கவில்லை. நான் அருமை என்று நினைத்த படங்களை அவர்கள் ஒரே வரியில் தூக்கிப் போட்டபோதெல்லாம் நாக்கைக் கடித்துக்கொண்டு மீகோரெங் தட்டையே பார்த்துக்கொண்டிருந்தேன். மறுபடி என் முறை வந்ததும் எந்தப் படம் என்பதில் எனக்குச் சந்தேகமே இருக்கவில்லை.

அதைப் பார்த்தபோது எனக்கு இருபத்திரண்டு வயது. ஃபேக்டரித் தோழி ஒருத்தியோடு பெரிய நாயகனின் படம் பார்க்க அலோர் ஸ்டார் போயிருந்தேன். டிக்கெட் இல்லை. வந்ததற்கு ஏதாவது பார்த்துவிட்டுப் போகலாம் என்று பக்கத்து அரங்கில் ஓடிய படத்துக்குள் நுழைந்தோம். எங்களையும் சேர்த்துப் பதினோரு பேர். ஒரு பெண், பள்ளிக்கூடச் சீருடை தைக்கிறவள். அவள் புருஷன் வேறு ஊருக்குச் சமையல் வேலைக்குப் போனவன். அவனிடமிருந்து பேச்சு மூச்சில்லை. ஒரு பையைத் தூக்கிக்கொண்டு தேடிப் புறப்படுகிறாள். பாதிப் படம் பஸ்ஸில் போகிறாள், மீதிப் பாதி பஸ்ஸுக்காக நிற்கிறாள். தோழி தூங்கிவிட்டாள். நான் அழுதேன். என் அம்மா ரப்பர்க் காட்டில் பால் மரம் வெட்டிவிட்டு, தோட்டத்து முச்சந்தியில் பையை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு பஸ்ஸுக்கு நிற்பாள். அதே மாதிரி அந்தப் பெண் நின்றாள். திரையில் எங்கள் வீட்டு ஆளை நான் பார்த்தது அன்றைக்குத்தான்.

படத்தின் பெயரைச் சொன்னதும் மேசையில் யாருக்கும் தெரியவில்லை. கதையைச் சொன்னேன்.

"இது படமா, பஸ் டைம் டேபிளா?" என்றார் அண்ணன்.

மெர்கோங் தம்பிதான் எங்கெங்கோ தேடி ஒரு பிரதி பிடித்துக் கொடுத்தார். "அக்கா, இன்னொரு தடவ யோசிச்சிக்குங்க. இதுல ஃபைட்டு இல்ல, காமெடி இல்ல. இதுவும் போச்சின்னா ஒங்க டர்ன் கதம் கதம்தான்" என்றார். நான் கேட்கவில்லை. போட்டுப் பார்க்கவும் இல்லை. அந்தப் படத்தின் ஒவ்வொரு காட்சியும் எனக்கு மனப்பாடம் என்று நம்பிக்கொண்டிருந்தேன். ஆள் சேர்ப்பதற்காக வாட்ஸ்அப்பில் ஒரு தூண்டிலும் போட்டேன்: இரண்டாம் பாதி தொடங்கியதும் மழையில் ஒரு பாட்டு வரும், அதற்காகவே வரலாம். இரண்டு வீட்டு அம்மாமார் பாட்டுக்காகவே வருகிறோம் என்று பதில் போட்டார்கள்.

அன்று மூன்று மணிக்கு அறுபது ஜோடி. ஜன்னல்களில் கறுப்புக் குப்பைப் பை ஒட்டி வெளிச்சத்தை அடைத்திருந்தோம். அண்ணன் தன் பச்சைச் சிலிப்பரைப் படியின் ஓரத்தில், எழுந்ததும் மாட்டிக்கொண்டு போகிற வாக்கில், வெளிப்பக்கம் பார்த்துத் திருப்பி வைத்தார். நான் பார்க்கிறேன் என்று தெரிந்தே வைத்தார். "அஞ்சு மணிக்கு பசார் மாலாம் போடுவான். நல்ல மீனு காலியாயிடும்" என்றார். சாயங்காலச் சந்தையை எனக்கு எதிராகச் சாட்சிக்குக் கூட்டி வந்த மாதிரி இருந்தது.

முதல் அரை மணியில் ஏழு பேர் போய்விட்டார்கள். கதவு திறக்கும்போதெல்லாம் வெளிச்சம் உள்ளே விழும். அந்தப் பெண் திரையில் தன் பாட்டுக்கு நின்றுகொண்டிருந்தாள். ஏம்மா, கொஞ்சம் வேகமாகத்தான் தேடேன் என்று நானே மனசுக்குள் கெஞ்சினேன். இருபது வருஷமாக நான் தலையில் தூக்கி வைத்திருந்த படம், மற்றவர்களோடு உட்கார்ந்து பார்க்கும்போது இவ்வளவு மெதுவாகப் போகும் என்று எனக்குத் தெரியாது.

அப்போதுதான் மழை வந்தது. தகரக் கூரை. கெடாவில் சாயங்கால மழை எப்படிப் பெய்யும் என்று இங்கே இருக்கிறவர்களுக்குச் சொல்லவேண்டியதில்லை. ஒரு வசனமும் கேட்கவில்லை. தம்பி சத்தத்தைக் கூட்டிப் பார்த்துவிட்டுக் கையை விரித்தார். யாரும் வெளியே போகவும் முடியாது, உள்ளே கேட்கவும் முடியாது.

முடிந்தது என்று நினைத்தேன். ஆனால் அந்தப் படத்தில் கேட்பதற்கு என்ன இருந்தது? அவள் ஒரு கடையில் துண்டுச் சீட்டைக் காட்டுகிறாள். கடைக்காரர் தலையை ஆட்டுகிறார். அவள் சீட்டை மடித்து ரவிக்கைக்குள் வைக்கிறாள். முன்வரிசையில் இருந்த, கிளினிக்கில் வேலை செய்கிற அக்கா பக்கத்தில் இருந்தவர்களுக்குச் சத்தமாக விளக்க ஆரம்பித்தார். "இங்கயும் இல்லன்னுட்டான். பாவம், இனி அடுத்த ஊருதான்." பின்னால் இருந்து ஒருவர், "இல்லக்கா, கடக்காரனுக்குத் தெரியும், மறைக்கிறான், மூஞ்சியப் பாருங்க" என்றார். இன்னொருவர் இல்லை என்றார். மழைக்கு மேலே கத்திக் கத்தி மண்டபமே பேச ஆரம்பித்தது. பேசிக்கொண்டே எல்லோரும் நாற்காலியை முன்னால் இழுத்துப் போட்டார்கள்.

இடைவேளையில் வாத்தியார் கதவைத் திறந்து சாரலில் நனைந்துகொண்டே எண்ணினார். "ஐம்பத்து மூணு."

"அது மழயோட கணக்கு சார்," என்றார் அண்ணன் வடையைக் கடித்துக்கொண்டே. "கேட்டப் பூட்டிட்டு யாரும் போவலன்னு சொன்னா எப்படி?"

எனக்குக் கோபம் வந்தாலும் அவர் சொன்னது நியாயம். வாத்தியாரும் யோசித்து அதையே சொன்னார்: மழை விட்ட பிறகு நிற்கிற சிலிப்பர்தான் கணக்கு. படம் முடிவதற்குள் மழை விடாவிட்டால் இந்தத் தடவை செல்லாது. இன்னொரு நாள் இதே படத்தை மறுபடி போட வேண்டும். இதே படத்துக்கு இன்னொரு தடவை யார் வருவார்கள்?

இரண்டாம் பாதி தொடங்கியது. பாட்டு வரவில்லை. ஐந்து நிமிஷம், பத்து நிமிஷம். அவள் ஒரு தங்கும் விடுதியில் துணி துவைத்துக் காயப் போட்டாள். பாட்டுக்காக வந்த ஓர் அம்மா எழுந்து திரும்பி, மழையில் எனக்குக் கேட்கவேண்டுமே என்று கத்தினார். "எங்கம்மா பாட்டு?"

அந்த நொடியில்தான் எனக்குப் புரிந்தது. பாட்டு படத்தில் இல்லை. அன்றைக்குப் படம் முடிந்து அலோர் ஸ்டாரிலிருந்து பஸ்ஸில் திரும்பினேன். வெளியே நல்ல மழை. டிரைவர் ரேடியோவில் ஒரு பாட்டு வைத்திருந்தார். நான் ஜன்னலில் தலை சாய்த்து இன்னும் அழுதுகொண்டிருந்தேன். அந்தப் பாட்டைக் கொண்டுபோய்ப் படத்துக்குள் வைத்துவிட்டு, இருபது வருஷமாக அதைப் பார்த்ததாகவே சொல்லிக்கொண்டு திரிந்திருக்கிறேன்.

எழுந்து நின்றேன். "பாட்டு இல்லம்மா! நாந்தான் தப்பா ஞாபகம் வச்சிட்டேன்! மன்னிச்சிக்குங்க!"

மழையையும் மீறிக் கேட்டது அண்ணனின் சிரிப்பு. "பாக்காத படத்துக்கா இந்தச் சண்ட போட்ட, தங்கச்சி?"

அவமானம் என்றால் அதுதான் அவமானம். உட்கார்ந்துகொண்டேன். அந்த அம்மா போய்விடுவார் என்றுதான் நினைத்தேன். அவர் என்னை ஒரு முறை முறைத்துவிட்டு, "சரி சரி, அவன கண்டுபிடிச்சாளா இல்லயா, அத மொதல்ல பாப்பம்" என்று உட்கார்ந்தார்.

மழை நின்றது. கொஞ்சம் கொஞ்சமாக இல்லை, குழாயை மூடின மாதிரி. படம் முடிய இன்னும் அரை மணி இருக்கும். வாத்தியார் சட்டப்படி எழுந்துபோய்க் கதவை அகலத் திறந்து வைத்தார். வெளியே வெயில்கூட வந்துவிட்டது. மணி ஐந்தைத் தாண்டியிருந்தது, சந்தைக்குப் போகிற மோட்டார் சைக்கிள் சத்தம் ரோட்டில் கேட்டது. திரை பாதி வெளுத்துப்போனது. போகிறவர்கள் போகலாம்.

நான் கதவைப் பார்க்கவில்லை, பார்க்கத் தைரியம் இல்லை. திரையைப் பார்த்தேன். அவள் அவனைக் கண்டுபிடித்துவிட்டாள். தெருவுக்கு எதிர்ப்பக்கம் ஒரு கடையில் பரோட்டா அடித்துக்கொண்டிருக்கிறான், சிரித்துக்கொண்டே. உள்ளேயிருந்து ஒரு சின்னப் பெண்பிள்ளை ஓடிவந்து அவன் காலைக் கட்டிக்கொள்கிறது. மாவுக் கையைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு அவன் குனிந்து அந்தப் பிள்ளையின் தலையில் முத்தம் கொடுக்கிறான். அவள் கூப்பிடவில்லை. எதிரே ஒரு பெஞ்சில் உட்கார்ந்து, அவனைப் பார்க்க எவ்வளவு நேரம் வேண்டுமோ அவ்வளவு நேரம் பார்த்தாள். பிறகு பையை எடுத்துக்கொண்டு எழுந்தாள். கூரையிலிருந்து தண்ணீர் சொட்டுவது கேட்டது.

கடைசி பஸ். அவள் சந்தின் கோடியில் வருகிறாள், பஸ் நிலையத்தில் டிரைவர் ஏறி உட்கார்ந்துவிட்டான். அவள் நடக்கிறாள், பிறகு ஓடுகிறாள். அவன் கதவை மூடுகிறான். கண்ணாடியில் பார்க்கவில்லை. பஸ் நகர்கிறது.

"டேய்! நில்லுடா! பொம்பள ஓடி வருது, கண்ணாடியப் பாருடா!"

மண்டபமே திரும்பியது. அண்ணன் எழுந்து நின்றுகொண்டிருந்தார். வலது கால் தரையில் பிரேக்கை மிதித்துக்கொண்டிருந்தது. நான் சத்தியமாகச் சொல்கிறேன், இல்லாத பிரேக்கை அந்த மனுஷன் அழுத்தி மிதித்தார்.

திரையில் டிரைவர் கண்ணாடியைப் பார்த்தான். பஸ் நின்றது. ஐம்பத்து மூன்று பேரும் கைதட்டினார்கள். பாட்டுக்காக வந்த அம்மா விசிலே அடித்துவிட்டார். ஒரு கதாநாயகன் பறந்து வந்து இறங்குவதற்குத் தட்டுகிற கைதட்டு அது. ஒரு பஸ் நின்றதற்கு விழுந்தது. எனக்குக் கண்ணீர் கொட்டியது, துடைக்கவும் இல்லை. அந்தப் படம் வந்து இருபது வருஷத்துக்குப் பிறகு, தியேட்டரில் கிடைக்காத முதல் நாள் காட்சியை அது எங்கள் தோட்டத்தில் பார்த்துவிட்டது.

அவள் ஏறி உட்கார்கிறாள். எந்த ஊருக்கு என்று கண்டக்டர் கேட்கிறார். அவள் நிமிர்ந்து, வாயைத் திறக்கிறாள். படம் அங்கே முடிகிறது.

யாரும் எழுந்திருக்கும் முன்பே வாத்தியார் வாசலுக்குப் போய்விட்டார். ஒவ்வொரு ஜோடியாக விரலை நீட்டி எண்ணினார், தப்பு வரக்கூடாது என்று திரும்ப ஒரு தடவை எண்ணினார். "ஐம்பத்து மூணு. ஒண்ணும் கொறயல."

அதற்குப் பிறகு ஒரே களேபரம். அவள் கூப்பிட்டிருக்க வேண்டும் என்று ஒரு கூட்டம், கூப்பிடாததுதான் சரி என்று ஒரு கூட்டம், அந்தப் பரோட்டாக்காரனை நாலு சாத்துச் சாத்தியிருக்க வேண்டும் என்று ஒரு கூட்டம். ஒருவரும் நல்லா இருந்திச்சி என்று சொல்லவில்லை. எனக்கு அதுவே போதும். தம்பி வந்து என் இரண்டு கையையும் பிடித்துக் குலுக்கினார். என் வீட்டுக்காரர், "இனிமே ஒன்னப் பிடிக்க முடியாது" என்றார். உண்மைதான்.

அண்ணனைத் தேடினேன். அவர் மோட்டார் சத்தம் மட்டும் ரோட்டில் கேட்டது. அதற்குள் கிளம்பியிருந்தார். எல்லோரும் போன பிறகு பார்த்தால் படியில் ஒரு ஜோடி மட்டும் இருந்தது. பச்சைச் சிலிப்பர், வெளிப்பக்கம் பார்த்து, மழைத் தண்ணீர் நிறைந்து. சேற்றில் வெறுங்காலோடு போயிருக்கிறார் மனுஷன்.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை அதைக் கழுவித் துடைத்து, பிளாஸ்டிக் பையில் போட்டு எடுத்துக்கொண்டு போனேன். என்னென்ன சொல்லிக் குத்தலாம் என்று வாரம் முழுக்க தயார் செய்திருந்தேன். எண்ணி ஆறு வைத்திருந்தேன். அவர் ஏற்கெனவே வந்து உட்கார்ந்திருந்தார், சிலிப்பருக்குப் பதிலாகக் காலை மூடின சப்பாத்துப் போட்டுக்கொண்டு. பையை அவர் நாற்காலி பக்கத்தில் வைத்தேன். அவர் அதைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், எனக்கு ஒரு தே தாரிக் சொன்னார்.

மற்றவர்களும் வந்து சேர்ந்தார்கள். யாரும் ஆரம்பிக்கவில்லை, வழக்கமாக ஆரம்பிக்கிறவர் அவர்தானே. அவர் கிளாஸை இப்படியும் அப்படியும் திருப்பிக்கொண்டிருந்தார்.

"தங்கச்சி," என்றார். "ஒரு வாரமா மண்டைக்குள்ள ஓடுது. அந்தப் பொம்பள எந்த ஊருக்கு டிக்கெட் கேட்டிருக்கும்? நீ என்னா நெனக்கிற?"

அந்த மேசையில் இத்தனை வருஷத்தில் அவர் யாரிடமும் எதையும் கேட்டதில்லை. ஆறு பேரும் என் வாயைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். நான் தயார் செய்துகொண்டு போன ஆறும் எனக்கு மறந்துபோயிருந்தது. தே தாரிக் நல்ல சூடாக இருந்தது. அதை நிதானமாக, கடைசிச் சொட்டுவரை குடித்து, கிளாஸைக் கீழே வைத்துவிட்டு, அதற்கு அப்புறம்தான் ஆரம்பித்தேன்.